குருவுக்குப் பின் ஏழாண்டு: காருகுறிச்சி அருணாசலமும் 'சிங்கார வேலனே தேவா'வும்

நாதஸ்வரச் சக்கரவர்த்தி என்று நாடு கொண்டாடிய திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை 1956 டிசம்பர் 12 அன்று காலமானார். அவருக்கு இரண்டாம் நாயனம் பிடித்து, அந்தப் பக்கத்து இடத்திலிருந்தே வித்தை கற்றவர் காருகுறிச்சி ப. அருணாசலம். குருவுக்குப் பிறகு அவருக்குக் கிடைத்தது ஏழாண்டு சொச்சம்தான். 1964-ல், நாற்பத்து மூன்றை எட்டும் வயதில், அவரும் போய்விட்டார். நடுவில் 1962 பொங்கலுக்கு வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தின் 'சிங்கார வேலனே தேவா' என்ற பாட்டு, ராகம் தெரியாத வீடுகளுக்குள்ளும் நாதஸ்வரத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அவர் பிறந்த ஊர் தாமிரபரணிக் கரையில் இருக்கிறது. வீடு கட்டி வாழ்ந்தது கரிசல் காட்டின் நடுவே இருக்கும் கோவில்பட்டியில். அவருடைய நினைவிடமும் அங்கேதான். தலைமை வாத்தியம் ஓய்ந்த பிறகு ஒரு மேளத்தின் நாதம் எப்படித் தொடர்ந்தது என்பதைச் சொல்லும் வரலாறு இது.

மேளமும் இரண்டாம் நாயனமும்

பெரிய மேளம் என்பது நாயனம், தவில், சுருதி பிடிக்கும் ஒத்து, தாளம் சேர்ந்த கூட்டு. நாயனம் ஆச்சா மரத்தில் கடைந்தது. அடியில் மணி போல விரிந்திருக்கும் பகுதிக்கு அனசு என்று பெயர், மேலே கெண்டையில் சீவாளி செருகப்படும். விரல் வைக்க ஏழு துளைகள். அவற்றுக்குக் கீழே இருக்கும் ஐந்து துளைகள் பிரம்ம ஸ்வரங்கள். விரல் படாத அவற்றை மெழுகால் கொஞ்சம் அடைத்தும் திறந்தும் சுருதி சேர்ப்பார்கள். சீவாளி காவிரிக் கரையில் வளரும் கொறுக்கைத் தட்டையில் செய்தது. கச்சேரி தொடங்குமுன் நாயனக்காரரைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி மறக்காது. வாத்தியத்திலிருந்து கொத்தாகத் தொங்கும் சீவாளிகளில் ஒன்றை எடுத்து வாயில் போட்டு ஊற வைப்பார். இரண்டு உதடுக்கும் நடுவே வைத்து மெல்ல ஊதிப் பார்ப்பார். சரியில்லை என்றால் ஊசியால் வாயைக் கொஞ்சம் விரித்து, மறுபடியும் ஊதுவார். ஐந்தாறு சீவாளி கைமாறிய பிறகுதான் அன்றைக்கு உரியது அகப்படும். பந்தலில் யாரும் கவனிக்காத அந்தப் பத்து நிமிடம்தான் பின்னால் வரும் மூன்று மணி நேரத்தைத் தீர்மானிக்கிறது.

கச்சேரியில் இரண்டு நாயனம் உண்டு. முதலாமவர் ராகம் விரிக்கும்போது இரண்டாமவர் ஆதார சட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒரு பிடியை முதலாமவர் விட்டதும் இவர் எடுத்துத் திருப்பி வாசித்து, அவர் மூச்சு வாங்க இடம் கொடுப்பார். கீர்த்தனையில் இருவரும் ஒரே குழலாக ஒலிக்க வேண்டும். பெரியவர் எந்த நிமிடம் எங்கே போவார் என்பது முன்கூட்டித் தெரியாது. தெரியாமலே பின்தொடர வேண்டும், அவர் நிறுத்தும் இடத்தில் தானும் நிற்க வேண்டும். தனக்கு ஒன்று தோன்றினாலும் அதை விழுங்கிக்கொள்ள வேண்டும். இந்தப் பணியை அடிமை வேலை என்று சொல்வோரும் உண்டு. என் பார்வையில் இசையில் இதைவிடக் கடுமையான பள்ளிக்கூடம் கிடையாது. இன்னொருவருடைய கற்பனையை அது பிறக்கும் நொடியிலேயே கேட்கும் வாய்ப்பு இரண்டாம் நாயனக்காரருக்கு மட்டும்தான் உண்டு.

திருவாவடுதுறை

ராஜரத்தினம் பிள்ளை 1898-ல் பிறந்தவர். தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளை திருவாவடுதுறை ஆதீன வித்வான்; அவர் வீட்டில் வளர்ந்தார். அவர் காலத்துக்கு முன்னால் மேளங்களில் பெரும்பாலும் ஒலித்தது திமிரி நாயனம். அது குட்டையானது, நான்கு கட்டை ஐந்து கட்டை சுருதியில் கூர்மையாகப் பேசும். ஊர்வலத்துக்கும் கோபுர வாசலுக்கும் அது பொருந்தும். உட்கார்ந்து கேட்கும் சபைக்கு அந்தக் கூர்மை ஆகாது. நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியின் கைத்திறனோடு பிள்ளைவாள் சேர்ந்து நீளமான பாரி நாயனத்தைப் பக்குவப்படுத்தினார். இரண்டரை அடிக்கும் மேல் நீளம், சுருதி இறங்கி இரண்டு, இரண்டரை கட்டைக்கு வந்தது. சுத்த மத்யமம் அதில் சுத்தமாகவே பேசியது. ஒத்துக்குப் பதில் சுருதிப் பெட்டி வந்தது. கிராப்பும் கோட்டுமாக மேடையில் அமர்ந்து, வாய்ப்பாட்டு வித்வான்களுக்குச் சமமாகத் தன்னை வைத்துக்கொண்டார். நாயனக்காரர் திண்ணைக்குக் கீழே நிற்க வேண்டும் என்று எதிர்பார்த்த காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

அவருடைய தோடி இசைத்தட்டு வீதிவீதியாக ஒலித்தது. எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'காளமேகம்' (1940) படத்தில் கதாநாயகனாகவும் நடித்தார். 1947 ஆகஸ்ட்டில் டெல்லியில் சுதந்திரத்தை வரவேற்று ஒலித்ததும் அவர் நாயனம்தான். இப்படி ஓர் ஆள் போனால் அந்த இடத்தில் யார் என்ற கேள்வி இயல்பாகவே எழும். கேள்வியைக் கேட்டவர்களில் பலருக்கு விடையும் தெரிந்திருந்தது.

குயவர் வீட்டுப் பிள்ளை

காருகுறிச்சி, சேரன்மகாதேவிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவே தாமிரபரணிப் பாசனத்தில் இருக்கும் ஊர். மண்பாண்டத்துக்குப் பேர் போனது. பொங்கல் பானை என்றால் அந்த வட்டாரத்தில் காருகுறிச்சிப் பானைதான். அருணாசலம் மண்பாண்டம் வனையும் வேளார் குலத்தில் 1921-ல் பிறந்தார். தஞ்சைச் சீமையில் நாயனம் தலைமுறை தலைமுறையாக இசை வேளாளர் வீடுகளில் வளர்ந்தது. குழந்தை தொட்டிலில் கிடக்கும்போதே மல்லாரி கேட்கும் வீடுகள் அவை. அந்த வேர் இல்லாத வீட்டிலிருந்து புறப்பட்ட பையன் பிள்ளைவாளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தது அந்தக் காலத்தில் பெரிய தாவல்.

நெல்லைச் சீமையில் ஒரு கச்சேரிக்கு வந்த பிள்ளைவாளுக்கு இரண்டாம் நாயனம் வாசிக்க ஆள் தேவைப்பட்டது என்றும், அழைத்து வரப்பட்ட இளைஞனின் வாசிப்பைக் கேட்டு அவரே தன்னோடு அனுப்பும்படி கேட்டார் என்றும் இசை வட்டாரத்தில் சொல்லி வருகிறார்கள். சின்னச் சின்ன விவரங்கள் ஆளுக்கு ஆள் மாறும். அருணாசலம் திருவாவடுதுறைக்குப் போனதும், குருகுலவாசமாக அங்கே இருந்து கற்றதும், குருவின் பக்கத்தில் வாசித்து வளர்ந்ததும் மாறாதவை. பிள்ளைவாள் முறையாக உட்கார வைத்துப் பாடம் சொல்லும் ஆசிரியர் இல்லை. அவரிடம் பாடம் என்றால் அவர் வாசிப்பதுதான் பாடம். குரு இருக்கும்போதே காருகுறிச்சியார் தனி மேளம் அமைத்துப் பெயர் வாங்கிவிட்டார்.

இருவர் வாசிப்பும் ஒன்று என்று அக்காலத்தில் புகழ்ச்சியாகச் சொன்னார்கள். ஒலிப்பதிவுகளை அடுத்தடுத்து வைத்துக் கேட்டால் வேறுபாடு தெரியும். பிள்ளைவாள் ஒரு ஸ்வரத்தில் நின்றால் அடுத்து எங்கே பாய்வாரோ என்று கேட்பவர் மனம் பதறும். பிருகாக்கள் சரம் சரமாக விழும், சில இடங்களில் வேண்டுமென்றே முரட்டுத்தனம் இருக்கும். சீடருடைய வாசிப்பில் பதற்றம் கிடையாது. நாக்கு தட்டி ஊதும் துத்துக்காரம் கேட்கும், ஆனால் உறுத்தாது. நீண்ட மூச்சில் ஒரு பிடியை எடுத்து, வனைந்த பானையின் விளிம்பைத் தடவிச் சரிசெய்வது போலச் சுற்றி முடிப்பார். குருவிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டது பாரி நாயனத்தின் ஆழ்ந்த சுருதியையும் ராகத்தை மெதுவாகத் திறக்கும் துணிவையும். குருவின் கோபத்தையும் சூறாவளியையும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை. இதனால் சிலர் அவரை ஒரு படி கீழே வைப்பதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பக்கத்திலேயே இருந்து கேட்டவர் நகல் எடுத்திருந்தால் 1957-லேயே அலுத்துப்போயிருக்கும்.

கரிசல் காட்டில் ஒரு நாயனம்

ஆற்றுப்பாசன ஊரில் பிறந்தவர் கோவில்பட்டியில் குடியேறியது பலருக்கு வியப்பாக இருக்கும். காவிரிக் கரையில் இருப்பது போன்ற பெரிய ஆதீனங்கள் அங்கே இல்லை. வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் விதைக்கிற பூமி; மழை பொய்த்தால் கறுத்த மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஆனால் இந்த வறண்ட வட்டாரத்துக்கு ஒரு பழைய இசைக் கணக்கு உண்டு. பக்கத்து எட்டயபுரத்தில்தான் முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல் உயிர்நீத்தார், அவர் சமாதியும் அங்கே இருக்கிறது. அவர் வழியில் வந்த சுப்பராம தீட்சிதர் எழுதிய 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற பெருநூல் 1904-ல் அச்சானதும் எட்டயபுரத்து வித்யா விலாசினி அச்சகத்தில்தான். தென்னிந்திய சங்கீதத்தில் ராகங்களைப் பற்றி எவர் வாதாடினாலும் இந்த நூலைத் திறக்காமல் முடியாது.

விளாத்திகுளத்தில் நல்லப்ப சுவாமிகள் இருந்தார். கீர்த்தனைகளை அதிகம் நாடாமல் ராகத்தை மட்டுமே மணிக்கணக்கில் பாடுவது அவர் வழி. மேடைக்கும் சபைக்கும் வெளியே, ஓடைக்கரையிலும் தோட்டத்திலும் பாடியவர். கரிசல் மக்கள் அவரைப் பற்றிச் சொல்லும் கதைகளுக்குக் கணக்கில்லை. காருகுறிச்சியாருக்கு அவரிடம் ஆழ்ந்த பற்று இருந்தது. கோவில்பட்டிக்குத் தெற்கே இருக்கும் இடைசெவல் கிராமத்திலிருந்து இரண்டு இளைஞர்கள் இதே சங்கீதப் பைத்தியத்தோடு அலைந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் கு. அழகிரிசாமி, மற்றவர் கி. ராஜநாராயணன். இருவரும் பின்னால் தமிழ்ச் சிறுகதையை மாற்றியவர்கள். ஆனால் இருவரையும் முதலில் பிடித்தது சங்கீதம்தான். விளாத்திகுளம் சுவாமிகளையும் காருகுறிச்சியாரையும் பற்றி கி.ரா. எழுதியவற்றைப் படித்தால், கரிசல் காட்டில் ராகம் எப்படிக் கேட்கப்பட்டது என்று தெரிகிறது. டிக்கெட் வாங்கிக் கேட்கும் முறை அது இல்லை. நல்ல நாயனம் எங்கே என்று தெரிந்தால் பத்து மைல் நடந்து போய், வேப்ப மரத்தடியில் துண்டை விரித்து, விடியும் வரை கேட்டுவிட்டு, காலையில் உழவுக்குத் திரும்புவார்கள்.

ஆதரவு எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1948-ல் சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. எட்டயபுரம் போன்ற சமஸ்தானங்கள் வித்வான்களைத் தாங்கிய காலம் அதோடு முடிந்தது. கோவில்பட்டி அதற்குள் வேறொரு ஊராக மாறியிருந்தது. பருத்தி, நூற்பாலை, தீப்பெட்டி, கடலை மிட்டாய் என்று நான்கு வழியில் பணம் புழங்கிற்று. மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே ரயில் நிற்கும் ஊர். இரவில் எந்தத் திசையில் கச்சேரி முடிந்தாலும் காலையில் வீடு வந்துவிடலாம். செண்பகவல்லி அம்மன் கோயில் திருவிழா, கழுகுமலையில் பங்குனி உத்திரம், வெள்ளாமை வீடு வந்த பிறகு நடக்கும் கல்யாணங்கள் என்று மேளத்துக்கு வேலை இருந்தது. ஜமீன்தார் வீட்டு முற்றத்தில் வாசித்த வாத்தியம், பஞ்சு வியாபாரி வீட்டுக் கல்யாணப் பந்தலுக்கும் வானொலி நிலையத்துக்கும் இடம் மாறியது. இந்த மாற்றத்தைச் சரியான வயதில் சந்தித்தவர் காருகுறிச்சியார். அவருக்கு ஒலிவாங்கி ஒரு எதிரியாகத் தெரியவில்லை. பாரி நாயனத்தின் இறங்கிய சுருதியும் அவருடைய மிருதுவான ஊதலும் ஒலிவாங்கிக்கு முன்னால் கலங்காமல் நின்றன.

1962: 'சிங்கார வேலனே தேவா'

'கொஞ்சும் சலங்கை' எம். வி. ராமன் இயக்கிய வண்ணப் படம். ஜெமினி கணேசனும் சாவித்திரியும் குமாரி கமலாவும் நடித்தார்கள். இசை எஸ். எம். சுப்பையா நாயுடு, பாட்டு கு. மா. பாலசுப்பிரமணியம். படத்தில் ஜெமினி நாதஸ்வரக் கலைஞர். சாவித்திரி பாடத் தொடங்குகிறார். நாயனத்தின் நாதத்தைக் கேட்டுச் சொக்கிப் பாட்டை நிறுத்திவிடுகிறார். தொடர்ந்து பாடும்படி ஜெமினி கேட்கிறார். பாட்டு விளிப்பது திருச்செந்தூர் முருகனை. அதாவது பாட்டுக்குள் இருக்கும் தெய்வமும், பாட்டை வாசித்தவரும் ஒரே சீமை.

பெண் குரலையும் நாயனத்தையும் ஒரே பாட்டில் நேருக்கு நேர் நிறுத்துவது எவ்வளவு கடினம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நாயனம் திறந்த வெளிக்காகப் பிறந்த வாத்தியம். நான்கு மாட வீதியிலும் கேட்க வேண்டும் என்பதுதான் அதன் பிறவி நோக்கம். ஒலிப்பதிவுக் கூடத்தின் அடைந்த அறையில் அதற்கு முன்னால் எந்தக் குரலும் அமுங்கிப் போகும். குரல் சுருதிக்கு நாயனம் பொருந்த வேண்டும். பிருகா வேகத்தில் குரலும் ஈடுகொடுக்க வேண்டும். பி. லீலாதான் எஸ். ஜானகியின் பெயரைச் சொன்னார் என்பது திரையிசை வட்டாரத்தில் எல்லோரும் அறிந்த செய்தி. ஜானகி 1957-ல்தான் திரைக்கு வந்தவர், அப்போது இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுப் பெண். தமிழில் அவருக்கு நிலையான இடத்தைத் தந்த பாட்டு இதுதான்.

பாட்டு ஆபேரியில் அமைந்தது. ஏறும்போது ரிஷபமும் தைவதமும் வராது. இறங்கும்போது ஏழு ஸ்வரமும் வரும். இங்கே எட்டயபுரம் மறுபடியும் வருகிறது. சுப்பராம தீட்சிதரின் நூலில் உள்ள ஆபேரிக்குச் சுத்த தைவதம். தியாகராஜரின் 'நகுமோமு' இருபதாம் நூற்றாண்டில் மேடைகளில் பெற்ற புகழோடு சதுஸ்ருதி தைவத ஆபேரிதான் எல்லோர் காதிலும் தங்கியது. முசிறி சுப்பிரமணிய ஐயரின் இசைத்தட்டுக்கு அதில் பெரிய பங்கு. 'சிங்கார வேலனே' இந்தப் புதிய ஆபேரியில் அமைந்தது. பழைய ஆபேரி அச்சேறிய ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர் புதிய ஆபேரியை நாடெங்கும் பரப்பினார்.

பாட்டைக் கொஞ்சம் நெருங்கிக் கேட்கலாம். பல்லவியில் குரல் முன்னால் இருக்கிறது, நாயனம் வரி முடியும் இடங்களில் மட்டும் தலைகாட்டுகிறது. அந்த இடங்களில் காருகுறிச்சியார் வாசிப்பது மிகக் கொஞ்சம். குரல் விட்ட இடத்தைத் தொட்டு, ஒரு சுழற்சி சுழன்று, உடனே விலகுகிறார். திரைக்கு வந்த பெரிய வித்வான்கள் பலர் இந்த இடத்தில் தங்கள் வித்தை முழுவதையும் கொட்டிவிடுவார்கள். பாட்டு வளர வளரப் பேச்சு மாறுகிறது. ஸ்வரம் தொடங்கியதும் ஜானகி ஒரு கோர்வை பாட, நாயனம் அதையே திருப்புகிறது. அடுத்தது நீளம், அதற்கடுத்தது இன்னும் நீளம். கடைசியில் கோர்வைகள் சுருங்கிச் சுருங்கி, குரல் எது குழல் எது என்று பிரிக்க முடியாத வேகத்தில் ஒன்றாகின்றன. அந்தப் பகுதியை முதல் முறை கேட்பவர்கள் அநேகமாகப் பாடகியின் சாமர்த்தியத்தைப் புகழ்வார்கள். பத்தாவது முறை கேட்கும்போது நாயனக்காரரின் பொறுமை காதில் விழும். ஒரு இடத்தில்கூடக் குரலை முந்தவில்லை, ஒரு இடத்தில்கூட அமுக்கவில்லை. பெரியவர் எங்கே நிறுத்துவார் என்று கவனித்துப் பழகிய அந்தப் பழைய காது இங்கே வேலை செய்கிறது. இரண்டாம் நாயனத்தில் கற்ற பாடத்தை, தலைமை நாயனக்காரராகி, தன்னைவிட வயதில் சிறிய ஒரு பாடகிக்காகப் பயன்படுத்தினார்.

பாட்டு ஊருக்குள் வந்த வழி இசைத்தட்டும் மைக் செட்டும். கல்யாண வீட்டுக்கு முதல் நாள் சாயங்காலமே மைக் செட்காரர் வந்து பனை உச்சியிலோ வேம்பிலோ குழாயைக் கட்டுவார். முதலில் பிள்ளையார் பாட்டு. அப்புறம் 'சிங்கார வேலனே'. மேளத்துக்கு வசதி இல்லாத வீட்டிலும் நாயனம் கேட்க ஆரம்பித்தது. இதனால் நேரில் வாசிக்கும் மேளக்காரர்களுக்குப் பிழைப்பு போயிற்று என்ற குறையும் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் கோயில் வாசலில் எட்ட நின்று கேட்க நேர்ந்த எத்தனையோ மனிதர்கள் தங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து காருகுறிச்சியாரைக் கேட்டார்கள் என்பதும் உண்மை.

அவர் வாசிப்பை இந்த ஒரு பாட்டைக் கொண்டு மட்டும் எடைபோடுவது அநியாயம். இரவு முழுக்க ராகம் விரித்தவரைச் சில நிமிடங்களுக்குள் அடைத்துப் பார்ப்பது போல ஆகும். இன்றும் ரசிகர்கள் கைமாற்றிக் கேட்கும் அவருடைய கச்சேரிப் பதிவுகளில்தான் முழு மனிதர் இருக்கிறார். சினிமாப் பாட்டுக்கு வெளியே, தவில் பின்வாங்கி நிற்க, ஒரே ராகத்தில் நெடுநேரம் தங்கி வாசிக்கும் இடங்களைக் கேட்டவர்கள் அவரைப் பிள்ளைவாளின் நிழல் என்று சொல்ல மாட்டார்கள்.

வேறு ஊர்களில், வேறு வாத்தியங்களில்

தலைமைக் கலைஞர் விலகிய பிறகு ஒரு குழு என்ன செய்கிறது என்பது எந்த இசைக்கும் வரும் சோதனை. இங்கிலாந்தின் புரோகிரசிவ் ராக் குழுக்களில் ஒன்றான ஜெனசிஸ், 1975-ல் தன் முன்னணிப் பாடகர் பீட்டர் கேப்ரியலை இழந்தது. புதிய பாடகருக்காகப் பலரைச் சோதித்துப் பார்த்தார்கள், ஒருவரும் பொருந்தவில்லை. கடைசியில் அதுவரை பின்னால் உட்கார்ந்து டிரம்ஸ் வாசித்து, துணைக்குரல் கொடுத்துவந்த ஃபில் காலின்ஸ் முன்னால் வந்து பாடினார். 1976-ல் வந்த 'எ ட்ரிக் ஆஃப் தி டெயில்' அந்த நாட்டு விற்பனைப் பட்டியலில் மூன்றாம் இடம் வரை ஏறிற்று. தேடிய ஆள் பக்கத்திலேயே, இரண்டாம் இடத்தில் இருந்தார்.

டெல்லியின் இந்தியன் ஓஷன் குழுவுக்கு நேர்ந்தது மரணம். தபலாவும் குரலுமாக அந்தக் குழுவின் உயிராக இருந்த அஷீம் சக்ரவர்த்தி 2009 டிசம்பர் 25 அன்று காலமானார். அவர் குரல் பதிவாகியிருந்த பாட்டுகளை 2010-ல் '16/330 கஜூர் ரோடு' என்ற பெயரில் மாதம் ஒன்றாக இலவசமாகவே வெளியிட்டார்கள். அவர் இல்லாமல் உருவான தொகுப்பு 2014-ல் வந்த 'தந்தானு'. அதில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு விருந்தாளியை அழைத்துக்கொண்டார்கள்; வயலினுக்குக் குமரேஷும் கஞ்சிராவுக்கு வி. செல்வகணேஷும் போனார்கள். காலியான இடத்தை ஒருவரைக் கொண்டு நிரப்பாமல் பலரை வரவேற்று உட்கார வைத்த வழி அது. நாயன மேளத்தில் அப்படிச் செய்ய முடியாது. அங்கே முதல் நாயனம் ஒன்றுதான்.

1964-க்குப் பின்

காருகுறிச்சியார் மறைந்தபோது அவருக்கென்று ஒரு இரண்டாம் நாயனம் பிள்ளைவாளுக்கு வாய்த்ததைப் போல வாய்க்கவில்லை. குரு போனபோது சீடர் முப்பத்தைந்து வயதில் தயாராக நின்றார். சீடர் போனபோது அவரே இன்னும் வளர்ந்துகொண்டிருந்தார். நாதஸ்வரம் வேறு கிளைகளில் தழைத்தது. ஷேக் சின்ன மௌலானா ஆந்திரத்திலிருந்து வந்து ஸ்ரீரங்கத்தைத் தன் ஊராக்கிக்கொண்டு தஞ்சாவூர் பாணியில் வாசித்தார். நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் கொங்கு நாட்டிலிருந்து எழுந்தார். கொத்தமங்கலம் சுப்புவின் 'தில்லானா மோகனாம்பாள்' 1968-ல் ஏ. பி. நாகராஜன் இயக்கத்தில் படமானபோது, சிக்கல் சண்முகசுந்தரத்தின் நாயனமாக ஒலித்தது மதுரை எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பு. திரையில் நாயனக்காரர் கதாநாயகனாக வந்தால் மக்கள் கேட்பார்கள் என்ற துணிவு ஆறு வருடத்துக்கு முன் வந்த 'கொஞ்சும் சலங்கை'யிலிருந்து கிடைத்தது என்றே நினைக்கிறேன்.

பிள்ளைவாளோடு சேர்ந்து பாரி நாயனத்தைச் செதுக்கிய நரசிங்கம்பேட்டையில் இன்றும் ஆசாரிமார்கள் ஆச்சா மரத்தைக் கடைகிறார்கள். அந்த ஊர் நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோவில்பட்டியின் கடலை மிட்டாய்க்கு அது 2020-லேயே வந்துவிட்டது. கோவில்பட்டியில் காருகுறிச்சியாரின் நினைவிடம் இருக்கிறது. ஊரில் புதிதாக வந்து இறங்குபவர்களில் பலருக்கு அந்த இடம் இருப்பதே தெரியாது என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

2021 அவருடைய நூற்றாண்டு. அந்த வருடம் மே 17-ல் கி. ராஜநாராயணன் புதுச்சேரியில் காலமானார். உடலைக் கரிசலுக்குக் கொண்டுவந்து இடைசெவலில் அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். காருகுறிச்சியாரை நேரில் கேட்டு, கேட்டதை எழுதியும் வைத்தவர் அவர்.